நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

புரட்டாசி 3, வெள்ளி

காலையில் மூடாப்பு. தூறல்கூட இல்லை. ரோட்டில் பாதியை அடைத்துக் குறுவை நெல் காய்கிறது. பால் வாங்கப் போனபோது ஓரமாகவே நடந்தேன். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. சைக்கிளுக்குக் காற்று.

தேன்மொழி கார் வாங்கப் போகிறாள். ராத்திரிச் சாப்பாட்டில், ஊறுகாய் வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். சின்னக் கார் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற, ஜீப் மாதிரி உயரமான வண்டி. புதிதுக்கு வசதி இல்லை. செகண்ட் ஹேண்ட்.

சரோஜாவுக்குப் புரையேறிவிட்டது. "நம்ம ஊர்ல மலையா இருக்கு? மன்னார்குடியில கோயில் கோபுரத்துல ஏறுனாதான் மேடு. நாலு சக்கரமும் இழுத்து எங்கடி போகப்போற?"

"களிமண்ணு இருக்கேம்மா."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். என் மகள் கால்நடை டாக்டர். மருந்தகம் கடைமடையில், முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். போன ஐப்பசியில், கன்று போட முடியாமல் ஒரு மாடு கிடக்கிறது என்று போன் வந்தது. ஸ்கூட்டியில் போனாள். வாய்க்கால் கரையில் மழைக்களி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது மாட்டுக்கும் உயிர் இல்லை, உள்ளே கன்றுக்கும் இல்லை.

மாட்டுக்காரம்மா பெயர் வசந்தா. ஒரு வார்த்தை திட்டவில்லையாம். கொட்டகையில் நின்ற கிடேரியைக் காட்டி, "இது அது போட்ட மூத்த கன்னு. இதையாச்சும் பாத்துக்கங்க டாக்டரம்மா" என்றாராம். அன்று தேனு சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அந்தக் கிடேரிக்குத் தை மாதம் இவள்தான் சினை ஊசி போட்டாள். இந்த ஐப்பசியில் ஈனும். அதே கரை, அதே மழை. அதற்குள் வண்டி வேண்டும் என்கிறாள்.

என்னிடம் கேட்கவில்லை. நானே சொன்னேன், "வண்டி பாக்குறத எங்கிட்ட விடு." அரசு பஸ்ஸில் இத்தனை வருடம் ஸ்டீரிங் பிடித்த கை இது. இந்தத் தெருவில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். நான் உதட்டைப் பிதுக்கினால் அந்த வண்டி தெருவுக்குள் வராது. ஆனால் எங்கள் வாசலில் சொந்தமாக ஒரு நாலு சக்கரம் நின்றதில்லை. அப்பா ஊரார் நிலத்தில் ஊரார் மாட்டை ஓட்டினார். நான் ஊருக்கே பஸ் ஓட்டினேன். சொந்த வண்டி என் மகள்தான் வாங்கப்போகிறாள். எழுதும்போதே நெஞ்சு விம்முகிறது. மாத்திரை மறக்கக்கூடாது.


புரட்டாசி 4, சனி

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று.

பழைய வண்டி பார்க்க என் கணக்கு. தேனுவிடம் கொடுக்க எழுதியது:

காலையிலேயே போ. உச்சி வெயிலில் எல்லா பெயிண்டும் மினுமினுக்கும்.

எஞ்சின் ஓடும்போது அதன்மேல் நாணயத்தை நிறுத்தி வை. விழுந்தால் திரும்பி வந்துவிடு.

ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பார். தீய்ந்த வாடை கூடாது.

பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, மீட்டரில் மட்டும் கி.மீ. குறைவாக இருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறான்.

விலையை முதலில் நாம் சொல்லக்கூடாது. சொன்னால் கெட்டோம்.

தேனு படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நல்லாருக்குப்பா" என்றாள். நல்லாருக்கு என்றால் என்ன அர்த்தம்?

மற்றவர்கள் யோசனை: மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில், புது வண்டியே வாங்கு, சின்னதாக வாங்கு, ஆட்டோமேடிக் வாங்கு. சரோஜா, வெள்ளைக் கலர்தான் வீட்டுக்கு ராசி. என்னோடு கண்டக்டராக இருந்த பக்கிரிசாமி டீக்கடையில் சொன்னது: "சென்னை வெள்ளத்துல முழுகுன வண்டியெல்லாம் தொடச்சி எடுத்து நம்ம பக்கந்தான் தள்ளிவிடுறான். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் உருவிப் பாரு. அந்த முனைய யாரும் கழுவ மாட்டான்."

இது உருப்படியான யோசனை. என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அவன் சொன்னதாகச் சொல்லவில்லை.


புரட்டாசி 5, ஞாயிறு

மகாளய அமாவாசை. தெப்பக்குளக் கரையில் கூட்டம். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

இன்று வண்டிப் பேச்சு கூடாது என்று சரோஜா உத்தரவு. பேசவில்லை. கடைத்தெருவில் திருஷ்டிக் கயிறு ஒன்று பார்த்தேன், கறுப்பில் குஞ்சமும் சின்ன மணியும் வைத்தது. வாங்கிவிட்டேன். வண்டி வரட்டும், கட்டிக்கொள்ளலாம்.


புரட்டாசி 11, சனி

புழுக்கம். தஞ்சாவூர் பைபாஸில் பழைய வண்டி விற்கும் இடம் ஒன்றுக்குப் போனோம். நான், தேனு, தரகர் ரத்தினம்.

ரத்தினம் முன்பு மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தை படுத்ததும் காருக்கு மாறிவிட்டான். தோளில் அதே துண்டு, வாயில் அதே வெற்றிலை. வண்டியைச் சுற்றிவரும்போது பின்பக்கத்தைத் தட்டிக்கொடுக்கிறான்.

வெள்ளை வண்டி. என்ன உயரம், என்ன மினுக்கு! பின்கதவில் 4x4 என்று பெரிய எழுத்து. எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். நாணயம் வைத்தேன். அசையவில்லை. ஆயில் முகர்ந்தேன், சுத்தம். பெல்ட்டை உருவினேன், மண் இல்லை. ஒரு சுற்று ஓட்டினேன். வெண்ணெய்.

"முடிச்சிரலாம் ரத்தினம்" என்றேன். விற்பவன் அதற்குள் காபி வரவழைத்துவிட்டான். எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

தேனு அப்போதுதான் பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கேட்டாள். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தீங்களா?"

"சும்மா துடைக்கிறப்ப போட்டதும்மா."

"வரும்போதே தொட்டுப் பாத்தேன். கொதிச்சுது." என் பக்கம் திரும்பினாள். "சந்தைக்கு மாடு ஓட்டிட்டு வர்றவன் காலையில பால் கறக்காம மடிய பெருசா காட்டுவான்லப்பா, அந்த மாதிரி. ஆறின எஞ்சின் எப்படிப் புடிக்குதுன்னு நமக்குத் தெரியக்கூடாதாம்."

ரத்தினம் கனைத்துக்கொண்டான். மடி விஷயம் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

பிறகு அவள் பைக்குள்ளிருந்து யூரியாச் சாக்கை எடுத்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்துவிட்டாள். அரசாங்க டாக்டர்! நல்ல சுடிதார்! நான் சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது தலைமுடியில் கிரீஸ். "அப்பா, முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டே இல்ல. பின்னாடி மட்டுந்தான் இருக்கு. இது ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டி."

"பின்கதவுல எழுதியிருக்கே."

"எழுத்தை ஸ்டிக்கர் கடையில விக்கிறாங்கப்பா. உள்ள பாருங்க, கியர் பக்கத்துல ரெண்டாவது குட்டி லீவரும் இல்ல, ஸ்விட்சும் இல்ல."

விற்பவன் சிரித்தான். "ஸ்டைலுக்கு ஒட்டினதும்மா. நம்ம ஊருக்கு அது எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேலா, என் மேலா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்று நான் குனிந்து பார்த்ததே இல்லை. டெப்போவில் கொடுத்ததை ஓட்டினேன். காபி மட்டும் நல்ல காபி.


புரட்டாசி 12, ஞாயிறு

அதிராம்பட்டினம். காலையிலேயே கடல்காற்று பிசுபிசுப்பு. வண்டி வெள்ளி நிறம். சொந்தக்காரர் ஒரு ஹாஜியார், வலை வியாபாரம். வாசலிலேயே எழுந்து நின்று வரவேற்றார். டீ, சமோசா. புரட்டாசி என்று சொன்னதும் உருளைக்கிழங்கு சமோசாவாக மாற்றி வரவழைத்தார். மரியாதையான மனிதர்.

நான் பானட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. தேனுவைப் பார்த்துத் தலையாட்டினேன். எனக்கும் கற்றுக்கொள்ளத் தெரியும்.

இதில் குட்டி லீவர் இருந்தது. ஷாஃப்டும் இருக்கிறதாம். தேனு சாக்கை விரிக்கும்போதே ஹாஜியார் சொன்னார்: "டாக்டர் புள்ள, பாக்குறது பாருங்க, நானே சொல்லிர்றேன். எந்நேரமும் துறைமுகத்துலதான் நின்னுச்சு. ஐஸ் தண்ணி, உப்புத் தண்ணி எல்லாம் பாத்த வண்டி. கீழ துரு இருக்கு. சொல்லாம வித்தா எனக்குத் தூக்கம் வராது."

தேனு கீழேயிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தாள். சட்டத்தில் ஒரு இடம் அப்பளம்போல உதிர்ந்தது. "நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று கைகூப்பினாள். அவர் வருத்தப்பட்டதைப் பார்த்தால் நாங்கள்தான் அவருக்கு விற்க வந்தவர்கள்போல இருந்தது. அவர் வீட்டு ஆட்டுக்குக் கால் வீக்கமாம். அதைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ரத்தினம் பஸ்ஸில் முணுமுணுத்தான். "இந்தப் பொண்ணு இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தா ஊர்ல ஒரு வண்டியும் தேறாதுண்ணே."

"குனிஞ்சு பாக்குறது அது தொழில்" என்றேன். சட்டென்று வந்த பதில். எனக்கே பிடித்திருந்தது.


புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல். என் சைக்கிளுக்கும் தேனுவின் ஸ்கூட்டிக்கும் சந்தனம், குங்குமம். அவள் கன்று இழுக்கிற கயிறு, ஊசிகள், ஸ்டெதஸ்கோப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். நான் திருஷ்டிக் கயிற்றையும் ஓரத்தில் வைத்தேன். சரோஜா பார்த்துவிட்டாள்.

"வண்டியக் காணும், வண்டிக்குக் கயிறா?"

தேனு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். இந்தப் பத்து நாளில் இன்றுதான் சிரித்தாள். வசந்தா போன் செய்திருந்தாராம், கிடேரிக்கு மடி இறங்க ஆரம்பித்துவிட்டது என்று.


புரட்டாசி 18, சனி

திருவிடைமருதூர். நல்ல வெயில். கும்பகோணம் தாண்டினதும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

கரும்பச்சை வண்டி. சொந்தக்காரர் குவைத்தில் சம்பாதித்துத் திரும்பியவர். அங்கே மணலில் ஓட்டுகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கே வந்து வாங்கியிருக்கிறார். வாங்கி ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்து வணங்கியிருக்கிறார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பாராம். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"நாலு வீல நான் போட்டதே இல்லீங்க. அப்படியே புத்தம்புதுசு" என்றார் பெருமையாக. எனக்கும் அது பெருமையாகத்தான் பட்டது. பொத்திப் பொத்தி வைத்த பொருள். இதுதான் நம் வண்டி என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

தேனுவின் முகம் மட்டும் சுருங்கியது. "ஒரு தடவகூடப் போடலையா?"

"ஒரு தடவகூட."

உள்ளே ஏறிக் குட்டி லீவரை இழுத்தாள். அசையவில்லை. நான் இழுத்தேன். ரத்தினம் இழுத்தான். சிமெண்டில் நட்டதுபோல நின்றது.

"வயசாகியும் ஒரு ஈத்துகூட ஈனாத மாட்ட யாரும் புதுசுன்னு சொல்ல மாட்டாங்கப்பா" என்று என் காதில் சொன்னாள். குவைத்காரருக்கும் கேட்டுவிட்டது. அவர் முகம் சிவந்துபோனது. தெய்வமாக வைத்திருந்த வண்டியை மலடு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நான் வேண்டாம் என்றேன். லீவரே வராத வண்டி எதற்கு? ஆனால் அவள் சாக்கை விரித்துவிட்டாள். நேரம் போனது. செருப்பு மட்டும் தெரிந்தது. வெளியே வந்து, அடியில் துரு இல்லை, ஷாஃப்ட் இருக்கிறது, ஒழுகல் இல்லை, லீவரின் இணைப்பு மட்டும் துருவேறிப் பிடித்திருக்கிறது என்றாள். மெக்கானிக்கை வைத்து அந்தப் பிடிப்பை எடுத்துவிடச் சம்மதித்தால் அடுத்த சனி வருவதாகச் சொன்னாள். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

வரும்போது பஸ்ஸில் சண்டை. நானும் அவளும். "முப்பது வருஷம் ஓட்டுனவன் சொல்றேன், வேண்டாம்" என்றேன்.

"நீங்க ஓட்டுனது தார் ரோட்டுலப்பா" என்றாள்.

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அவளுக்கு ஜன்னல் சீட். நான் பார்த்தது எதிர் ஜன்னல்.


புரட்டாசி 20, திங்கள்

சாயங்காலம் முதல் நல்ல மழை. ரோட்டில் காய்ந்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூட ஓடுகிறார்கள். தேனு மழையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் நின்றேன். சரோஜாதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசித் தொலைங்க. வீடே மூச்சு முட்டுது."

"சனிக்கெழம நானும் வர்றேன்" என்றேன்.


புரட்டாசி 25, சனி

இன்றைக்கு விரிவாக எழுத வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். மெக்கானிக் லீவரின் பிடிப்பை எடுத்துவிட்டிருந்தார், கியர் ஆயிலெல்லாம் மாற்றியிருந்தார். குட்டி லீவர் இப்போது கடக்கென்று விழுகிறது. குவைத்காரரும் வந்திருந்தார். ரத்தினம் துண்டோடு.

நான்தான் முதலில் ஓட்டுவேன் என்று ஏறி உட்கார்ந்தேன். நாலு சக்கரத்தையும் போட்டேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் களம். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினேன். வண்டி முனகியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல நின்றது, உதறியது, மறுபடி நின்றது. ஸ்டீரிங் கையில் இறுகியது. எனக்கு வேர்த்துவிட்டது. இறங்கினேன்.

"செத்த வண்டி. அடியில எதோ ஒட்டியிருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன்ல?" எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. பெரியவன் பேச்சு ஜெயித்தது என்று.

தேனு சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்பா, அது நோய் இல்ல, ஆரோக்கியம். திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓடணும், பின் சக்கரம் கம்மியா ஓடணும். நாலையும் ஒண்ணாக் கட்டிப்போட்டா, கெட்டித் தரையில வழுக்கிக்க எடமில்லாம மல்லுக்கட்டும். அப்படி மல்லுக்கட்டுனாத்தான் முன்னாடியும் இழுக்குதுன்னு அர்த்தம். கெட்டித் தரையில இத போடவே கூடாது. சேத்துல மட்டுந்தான்."

தார் ரோட்டில் ஆயுசு முழுக்க ஓட்டியவன் நான். நாலையும் போட்டு ஓட்டினால் எப்போதும் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். ஊரில் போய் அப்படித்தான் சொல்லவும் இருந்தேன். தப்பித்தேன்.

பிறகு ஊருக்கு வெளியே, தாளடி நடவுக்குத் தண்ணீர் விட்டிருந்த வயல் ஓரம் ஒரு வண்டிப்பாதை. வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு இறக்கினாள். வயலுக்குள் இறக்கவில்லை. "அது டிராக்டர் வேல, இது கார்" என்றாள். நான் பின் சீட்டில். ரத்தினம் பக்கத்தில் சாமி கும்பிட்டுக்கொண்டு.

முதலில் இரண்டு சக்கரத்தில் விட்டாள். வேண்டுமென்றே. பாதி தூரத்தில் பின் சக்கரம் சுழல ஆரம்பித்தது, களி பறந்து கண்ணாடியில் அப்பியது, வண்டி ஒரு பக்கம் இறங்கியது. எனக்குப் போன ஐப்பசி ஞாபகம் வந்தது. இப்படி ஒரு இடத்தில்தான் அவள் வண்டியைப் போட்டுவிட்டு நடந்திருப்பாள். நிறுத்தினாள். லீவரைத் தள்ளினாள். ஆக்ஸிலேட்டரை மெதுவாக, பால் காய்ச்சுகிற பதத்தில் கொடுத்தாள். முன் சக்கரம் களியைக் கவ்வியது. வண்டி எழுந்தது. ஒரு உதறலும் இல்லாமல் பாதை முடிவுவரை நடந்துபோனது.

குவைத்காரர் கரையில் நின்று கைதட்டினார். "என் வண்டியா இது!" என்று ரெண்டு தடவை கேட்டார். பாவம், அவருக்கே இன்றுதான் தெரியும்.

விலை பேச்சு. ரத்தினத்துக்குப் பழக்கம் விடவில்லை. மாட்டுச் சந்தையில்போலத் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரல் பிடித்து விலை பேச என் பக்கம் நீட்டினான். "கையக் குடுங்கண்ணே."

"வாங்குறது அது" என்றேன்.

"பொம்பளப் புள்ள கையப் புடிச்சு நான் எப்படிண்ணே வெல பேசுறது?"

தேனு சுடிதார் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். "அண்ணே, நான் மாட்டு வயித்துக்குள்ளயே கைய விடுறவ. உங்க துண்டுக்குள்ள விட்டா என்ன?"

விட்டாள். சத்தியமாக விட்டாள். சந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில் விரல் கணக்கைக் கற்றிருக்கிறாள்போல. துண்டுக்கு அடியில் என்னென்னவோ நடந்தது. ரத்தினம் முகம் மாறியது, "ஆகாதும்மா" என்றான், மறுபடி துண்டு அசைந்தது, "ஐயோ" என்றான். குவைத்காரரிடம் ஓடிப்போய் அவர் கையைத் துண்டுக்குள் வைத்தான், திரும்ப இவளிடம் வந்தான். முடிந்தது.

என்ன விலைக்கு முடிந்தது என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. கேட்டேன். "துண்டுக்குள்ள பேசுனத வெளியில சொல்லலாமாப்பா?" என்கிறாள். சரோஜாவிடமும் சொல்லவில்லை. ரத்தினத்தைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னான்: "அண்ணே, எங்கப்பா காலத்துலேர்ந்து துண்டு போடுறோம். இந்த மாதிரி கைய நான் பாத்ததில்ல."

என் மகள் கை அது.


புரட்டாசி 29, புதன்

ஆர்.சி. பேப்பர்கள். வண்டியில் பொறித்த சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யில் உள்ளதையும் எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தாள். கடன் பாக்கி இல்லை என்று பேங்க் கடிதம். இன்சூரன்ஸ் பெயர் மாற்றம். நான் பின்னாலேயே நின்றேன். விண்ணப்பத்தில் அவள் பெயர், அடுத்து தகப்பனார் பெயர்: கண்ணையன். ஒரு வண்டியின் காகிதத்தில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்தது. தெரு முழுக்க வந்து பார்த்தது. பக்கிரிசாமி சுற்றிச் சுற்றி வந்து, "யாரு பாத்துக் குடுத்தா? நீதானே?" என்றான்.

"இல்ல. அதுவே பாத்துச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றேன். அவன் நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்திருப்பான்.

சரோஜா கலர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பச்சைதான் விவசாயத்துக்கு ராசி என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். திருஷ்டிக் கயிறு கட்டியாயிற்று.


ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. விடியற்காலையிலேயே மழை. வெடி எல்லாம் நமத்துப் போய்விட்டது. அதிரசம் ஒன்று. சரோஜா பார்க்காதபோது இன்னொன்று.

தேனு எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு வண்டியில் கயிறு, மருந்துப் பெட்டி, டார்ச், வாளி எல்லாம் அடுக்கி வைத்தாள். புதுப்புடவை கட்டி அதைத்தான் செய்தாள்.


ஐப்பசி 6, வியாழன்

மழை விடவில்லை. கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. வேறு வழியில்லாமல் பழைய காக்கிச் சட்டை.

காலை இட்லி சாப்பிடும்போது வசந்தாவின் போன். கிடேரிக்கு நோவு கண்டுவிட்டது, கால் மட்டும் வெளியே தெரிகிறது, தலை வரவில்லை. தேனு கை கழுவிவிட்டுச் சாவியை எடுத்தாள். "நானும் வர்றேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வலது பக்கக் கதவுக்குப் பழக்கத்தில் போய்விட்டேன். அவள் அங்கே நின்றாள். சுற்றிக்கொண்டு இடது பக்கம் ஏறினேன். என் வாழ்நாளில் அந்த சீட்டில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் போனதில்லை. இல்லாத பிரேக்கைக் கால் மிதித்துக்கொண்டே வந்தது.

அந்தக் கரை. ஒரு பக்கம் வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது, மறுபக்கம் வயல். நடுவே கரிய களி, மினுமினுவென்று. கரைக்கு ஏறும் முன்பே நிறுத்தி லீவரைத் தள்ளினாள். "மாட்டிக்கிட்ட பிறகு போட்டா லேட்டுப்பா." நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு இடத்தில் பின்பக்கம் வாய்க்கால் பக்கமாக நழுவியது. "பிரேக் போடாதே" என்று வாய் வரை வந்தது. அவள் போடவில்லை. ஸ்டீரிங்கைத் தொட்டும் தொடாமலும் வைத்து, அதே பதத்தில் கொடுத்துக்கொண்டே போனாள். வண்டி நேரானது. போன வருடம் ஸ்கூட்டியைப் போட்ட இடம் இதுதான் என்று கையால் காட்டினாள். நிறுத்தவில்லை.

கொட்டகையில் கிடேரி படுத்திருந்தது. வசந்தா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். தேனு தோள்வரை சோப்புப் போட்டுக் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே கன்றின் தலை பின்னால் திரும்பிக் கிடக்கிறதாம். அவள் முகத்தையே பார்த்தேன். தெருவில் பம்பரம் விட்ட முகமா இது என்று இருந்தது. "வந்துருச்சு" என்றாள்.

கன்றின் காலில் கட்டிய கயிற்றின் முனையை என்னிடம் கொடுத்தாள். "நோவு வரும்போது இழுங்க. நிக்கும்போது விடுங்க. நான் சொல்ற வரைக்கும் பலம் காட்டாதீங்க."

சொன்னபடி செய்தேன். இழு என்றால் இழுத்தேன், விடு என்றால் விட்டேன். மூக்கு வந்தது, தலை வந்தது, பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. தேனு வாயிலிருந்த கோழையை வழித்து, மூக்கில் வைக்கோல் குச்சியை விட்டு, நெஞ்சைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். தும்மியது. காதை ஆட்டியது.

கிடேரிக் கன்று. தாய் எழுந்து நின்று நக்க ஆரம்பித்தது.

வசந்தா தேனுவின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மழையைப் பார்ப்பதுபோல வெளியே வந்து நின்றேன். வாசலில் களி அப்பிய வண்டி, என் திருஷ்டிக் கயிற்றில் மணி ஆடிக்கொண்டிருந்தது.

வசந்தாவின் தம்பி டம்ளரோடு வந்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "டிரைவர் அண்ணே, டீ சாப்பிடுங்க. இந்தக் களியில எப்படித்தான் ஓட்டிட்டு வந்தீங்களோ!"

"ஓட்டுனது டாக்டரம்மாங்க" என்றேன். "நான் அவங்க அப்பா."

டீயில் சர்க்கரை தூக்கல். முழுவதும் குடித்தேன்.